கடைசிப் பத்து நிமிடம்

எல்லாப் படங்களையும் பார்த்திருக்கிறேன்,
கடைசிப் பத்து நிமிடம் மட்டும்.
துடைப்பமும் கறுப்புப் பையுமாகக் கதவோரம் நிற்பேன்.
கான்செப்சியோன் நகரத்தில், மூன்றாவது அரங்கில்,
உலகம் தினமும் நான்கு முறை காப்பாற்றப்படுகிறது.
ஞாயிற்றுக்கிழமை ஐந்து.

வில்லன் ஏன் கெட்டுப்போனான் என்று எனக்குத் தெரியாது.
நான் வரும்போதே தோற்றுக்கொண்டிருப்பான்,
யாரிடமோ எதையோ விளக்கியபடி.
அவன் பக்கமும் நியாயம் இருந்திருக்கலாம்.
அதையெல்லாம் முதல் பாதியில் சொல்லியிருப்பார்கள்,
நான் கழிப்பறையில் காகிதச் சுருள் மாற்றுகிற நேரத்தில்.

அராசெலிக்கு இருபத்திரண்டு வயது. சோளப்பொரி விற்கிறாள்.
"முந்தைய ஆறு படங்களைப் பார்க்காமல்
இதைப் பற்றிப் பேச உனக்கு உரிமையே கிடையாது, மிரேயா" என்பாள்.
பேசுவேன்.
யாருக்கும் மூச்சு வாங்குவதில்லை, அது முதல் குறை.
இரண்டு வரிசை பெருக்கினால் நான் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறேன்;
அவன் ரயிலை நிறுத்திவிட்டு வசனம் பேசுகிறான்.
வானத்தில் எப்போதும் ஒரே இடத்தில் ஓட்டை விழுகிறது,
எப்போதும் நீல வெளிச்சம்.
அந்தப் பெண்ணை, தோலுடையில் சுழன்று உதைக்கிறவளை,
எனக்குப் பிடிக்கும்.
அவளுக்கு யாராவது தட்டையான செருப்பு வாங்கித் தரலாம்.
செத்தவர்கள் திரும்பி வருகிறார்கள். அது கூடாது.
ஏன் என்று அராசெலி கேட்டாள்.
பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன், பதில் சொல்லவில்லை.

உண்மையான மனக்குறை தூசியைப் பற்றித்தான்.
அறுபது மாடி சரிகிறது.
அவர்கள் எழுந்து நிற்கிறார்கள்,
நெற்றியில் அளவெடுத்து வைத்தாற்போல் ஒரு கீறல்.
இரண்டாயிரத்துப் பத்து, பிப்ரவரியில்
எங்கள் தெருவில் விழுந்தது நாலே மாடி.
மூன்று நாள் பல்லிடுக்கில் சுண்ணாம்பு நறநறத்தது.
ரொட்டியில் சுவரின் ருசி இருந்தது.
ஒஸ்வால்தோவின் சட்டையை எத்தனை முறை அலசினாலும்
வாளியில் கடைசித் தண்ணீர் வெள்ளையாகவே நின்றது.
அப்புறம் அலசுவதை நிறுத்திவிட்டேன்.

போன வியாழன், இரவுக் காட்சி.
திரையில் ஒருவன் பாலத்தைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தான்.
பாலத்தின் மேல் பேருந்து, பேருந்து நிறையப் பிள்ளைகள்,
வழக்கம்போல் மஞ்சள் பேருந்து.
நாற்காலிகள் அதிர்ந்தன.
புது ஒலிபெருக்கிகள் என்று நினைத்திருப்பார்கள்;
முன்வரிசைப் பையன் ஒருவன் கைதட்டினான்.
நான் அண்ணாந்து பார்த்தேன்.
'வெளியேறும் வழி' என்ற பச்சைப் பலகை
தன் கம்பியில் மெல்ல ஊசலாடியது.
அந்த ஆட்டத்தை இதுவரை எந்தப் படமும்
சரியாகக் காட்டியதில்லை.

ஐந்துக்குக் கீழே என்றால் இங்கே யாரும் எழுந்திருப்பதில்லை.
தேநீர்க் கோப்பையைக் கையால் மூடிக்கொண்டு
விட்ட இடத்திலிருந்து பேசுவோம்.
ஆனால் எத்தனை என்று முடிந்த பிறகுதானே தெரியும்.
எண்ணினேன். பதினொன்றில் நின்றது.
எண்ணும்போது என்ன செய்தேன் என்பதை அராசெலி சொல்லித்தான் அறிந்தேன்:
இரண்டு கதவையும் அகலத் திறந்து
ஒன்றுக்கு முதுகையும் மற்றதற்குத் துடைப்பத்தையும்
முட்டுக் கொடுத்து நின்றேனாம்.
கூடத்து வெளிச்சம் திரையில் விழுந்து
பாலத்தைத் தாங்கியவன் வெளிறிப்போனான்.
கதவைச் சாத்து என்று இரண்டு பேர் கத்தினார்கள்.
சாத்தவில்லை.

பிறகு பெயர்கள் ஓடத் தொடங்கின.
ஒன்பதாம் வரிசையில் யாரோ குளிர்பானத்தைக் கொட்டியிருந்தார்கள்,
அது சரிவில் என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது.
ஒருவரும் எழவில்லை.
பெயர்களுக்குப் பின்னால் துண்டுக் காட்சி ஒன்று உண்டாம்,
அடுத்த ஆபத்தை முன்கூட்டிச் சொல்ல.
இருட்டில் காத்திருந்தார்கள்.
கதவுச் சட்டத்தில் உள்ளங்கையை வைத்தபடி
நானும் காத்திருந்தேன்,
அடுத்தது வருகிறதா என்று.